கம்ப்யூட்டர் டப்பாவும் அப்பாவின் காதும்

ஒருவருடைய செவித்திறனைச் சோதிக்கும்போது, சோதிப்பவர் அவருடைய கண்ணில் படாத இடத்தில் நிற்க வேண்டும். அறையில் வேறு சத்தம் இருக்கக் கூடாது. சோதிக்கப்படுபவரின் உடம்பில் எந்தப் பகுதியும், ஒலி எழுப்பும் கருவி படுகிற மேசையையோ பலகையையோ தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. முடிவில் ஆட்சேபம் இருந்து மனு கொடுத்தால், முப்பது நாட்களுக்குள் மனுதாரருக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலக நடைமுறைத் தொகுப்பில் இதை வாசித்தேன். நல்ல விதி. குறை சொல்ல இடமில்லை. என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்த விதிகள் எல்லாமே நல்ல விதிகள்தான்.

போன வாரம் நம் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு வீடியோ போட்டிருந்தீர்கள். ஒரு பையன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றி, அதை வைத்துக் கார் ஆம்ப்ளிஃபையரைப் பாட வைக்கிறான். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் மூளையே தனி’ என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் வரிசையாகக் கட்டை விரல் வைத்தீர்கள். நான் ஒன்றும் வைக்கவில்லை. அந்த வேலை எங்கள் வீட்டில் நடந்தபோது அந்தப் பையனின் அப்பாவே அரைக்கால் டவுசரில் இருந்திருப்பார். கட்டை விரலுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நமக்கென்ன, நேரம்தானே இருக்கிறது.

கம்ப்யூட்டர் என்றால் குளிரூட்டிய அறையில் இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றிருந்த காலம். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் அப்படி ஒன்று வைத்திருந்தார்கள். ஆட்கள் செருப்பைக் கழற்றினார்கள். உப்புக் காற்று எதையும் கழற்றாமலே உள்ளே போயிற்று. சீக்கிரமே அந்தக் கம்ப்யூட்டர் காயலான் கடைக்கு வந்துவிட்டது. பழைய இரும்பும் தகரமும் எடைக்குப் போகிற கடைக்கு, செருப்புப் போட்ட கால்களின் நடுவே.

எங்கள் அப்பா சங்கு குளிப்பவர். இடுப்பில் கயிறு கட்டி, காலில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அடிமணலைத் துழாவிச் சங்குகளைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். வள்ளத்தில் இருந்து கயிற்றைப் பிடித்திருப்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் கடற்கரையில் அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கும்போது அவன் கண் அசர மாட்டான் என்பது கணக்கு. ஒரு இழுப்பு என்றால் ‘இருக்கேன்’. இரண்டு என்றால் ‘தூக்கு’. மேலே இருந்து இரண்டு இழுத்தால் ‘ஏறு’. இருபது வருடத்துக்கு மேல் இருவரும் கயிற்றில்தான் பேசிக்கொண்டார்கள். தரையில் அவர்கள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

குளிப்பவர்களுக்குக் காது போவது புதிதில்லை. ஆனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். காது போனவனை வள்ளத்துச் சொந்தக்காரர், எங்கள் பக்கம் அவரைச் சம்மாட்டி என்போம், ஏற்ற மாட்டார். அப்பா தலையணையில் சீழும் சில நாள் ரத்தமும் இருக்கும். அம்மா விடியுமுன் அந்த உறையைத் துவைத்துக் குசினிக்குப் பின்னால், தெருவில் போகிறவர் கண்ணில் படாத கொடியில் காயப்போடுவாள். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் வாசனைதான் எனக்கு அப்பாவின் வாசனை.

அதனால் ஊர் தனக்குத் தோன்றியபடி அவரைப் புரிந்துகொண்டது. பள்ளிக்கூடத்து மதர், வழியில் தான் கூப்பிட்டும் என் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை என்று என்னிடம் கோபித்தார். அடுத்த வீட்டு அத்தை, ‘ஒங்க அப்பாவுக்குத் தலைக்கனம்’ என்பாள். மாதா கோவில் சாமியார் நினைத்தது வேறு. தன் குரல் தனக்கே கேட்காததால் அப்பா எல்லாவற்றையும் உரக்கத்தான் சொல்வார். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளும் உரக்கத்தான் சொன்னார். வெளியே வரிசையில் நின்றவர்கள் அவர் செய்த பாவங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு மகிழ்ந்தார்கள். பெரிய பாவம் ஒன்றுமில்லை. சம்மாட்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டியதும், வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி தின்றதும்தான். சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து முகங்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு கூண்டுக்குப் போகவில்லை. ‘விசுவாசம் கொறஞ்சிட்டு’ என்று சாமியார் அம்மாவிடம் வருத்தப்பட்டார்.

அந்த வருடம் ஆகஸ்டில் மாதா கோவில் திருவிழா முடிந்ததும் சம்மாட்டி சாடையாகச் சொல்லிவிட்டார், காது விஷயம் காதில் விழுகிறது, வருகிற சீசனுக்குப் பார்ப்போம் என்று. அப்பா வீட்டில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

என் அண்ணன் அப்போது ஒரு கார் எலக்ட்ரிக் பட்டறையில் வேலை பார்த்தான். முதலாளி உடன்குடிக்காரர். உப்பளத்துக்காரர் ஒருவர் காரில் புதுசு மாட்டிக்கொண்டு பழைய ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் அங்கேயே விட்டுப் போயிருந்தார். அண்ணன் கேட்டான்.

“என்னலே, வீட்ல கார் வாங்கிருக்கியளோ?”

“இல்ல அண்ணாச்சி. பானை வாங்கிருக்கோம்.”

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. “தூக்கிட்டுப் போ. எடத்த அடைக்குது” என்றார்.

பானை நிஜம்தான். தேநீர்க் கடைகளில் அப்போது மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைப்பார்கள். சத்தம் அடிவயிற்றில் வந்து மோதும். ஒரு நாள் கடையில் அப்பா தற்செயலாக அந்தப் பானைமேல் கை வைத்ததையும், பிறகு கையை எடுக்காமலே நின்றதையும் அண்ணன் பார்த்திருக்கிறான். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கார் ஆம்ப்ளிஃபையருக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். பட்டறை பேட்டரியை ஒரு நாள் கொண்டுவந்தான். மறுநாள் அது ஒரு டாக்ஸிக்குப் போய்விட்டது. பிறகுதான் காயலான் கடையில் அந்தத் தகர டப்பாவைப் பார்த்தான். கம்ப்யூட்டருக்குள் இருந்து பிடுங்கியது. ஒரு பக்கம் சின்ன ஃபேன், மறு பக்கம் கற்றையாகக் கம்பிகள்: கறுப்பு, சிவப்பு, மஞ்சள். மஞ்சளில் பன்னிரண்டு வோல்ட் என்று மேலே ஒட்டிய தாளில் போட்டிருந்தது. சுவிட்சைப் போட்டான். ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி ஒரு துள்ளு. திறந்து பார்க்கப் போய், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டப்பா அவனை ஓங்கி ஓர் அடி அடித்தது.

சிவப்புக் கம்பியில் ஏதாவது வருகிறதா என்று பார்க்க, இரண்டு இழையில் ஒன்று அறுந்த பழைய ஹெட்லைட் பல்பை அதில் செருகினான். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் நிற்காமல் சுற்றியது. பல்பைக் கழற்றினான், டப்பா படுத்தது. மாட்டினான், எழுந்தது. சிவப்பில் ஏதாவது ஒன்று கரண்டு குடித்துக்கொண்டிருந்தால்தான் மஞ்சள் ஒழுங்காகக் கொடுக்கும் என்று அப்படித்தான் தெரிந்தது. வெறும் ஐந்து வோல்ட் என்பதால் ஹெட்லைட் பல்பு வெளிச்சம் தரவில்லை. இழை மட்டும் செக்கச் சிவந்து கிடந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “இந்தப் பல்பு எதுக்குலே எரியுது? பாட்டும் வரல, வெளிச்சமும் வரல.”

“இது எரிஞ்சாத்தாம்மா அந்தப் பக்கம் பாடும். கழட்டுனா எல்லாம் நின்னுரும்.”

“வீட்ல வெளக்கு சும்மா எரியக் கூடாது. கம்பிய நீட்டி மாதா படத்துக்கு முன்னால வையி. எரியுததும் எரியட்டும், சாமிக்கும் ஆகட்டும்.”

அப்படியே செய்தான். மாதா படத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரின் சிவப்புக் கம்பியில் ஹெட்லைட் பல்பு எரிந்தது. பார்த்தால் கோவிலில் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் எரிகிற விளக்கு மாதிரியே இருந்தது. அப்பா பானையில் கேட்க வேண்டுமென்றால் மாதாவுக்கு விளக்கு எரிய வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு ஆயிற்று. இதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

முதலில் டேப் ரிக்கார்டரில் இருந்து பாட்டுப் போட்டான். அப்பா இரண்டு கையாலும் பானையின் வயிற்றைப் பிடித்திருந்தார். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மீனு மாதிரித் துடிக்குளா” என்றார் அம்மாவிடம், தெருவுக்கே கேட்கும்படி.

தவில் அடி ஒன்று ஓங்கி விழுந்ததும் எல்லாம் அணைந்தது. விளக்கும் போயிற்று. டப்பாவால் அவ்வளவு தாங்க முடியவில்லை. சுவிட்சை அணைத்துக் கொஞ்சம் பொறுத்து மறுபடி போட வேண்டும். அப்பா பானையைத் தட்டினார். “ஏம்லே நிறுத்துன? போடு.” அந்த மாதங்களில் அவர் கேட்ட எல்லாப் பாட்டும் நல்ல இடம் வந்ததும் அறுந்து போனவைதான்.

பிறகு அண்ணன் ஒரு மைக் மாட்டினான். “ஏளா, நீ பேசு” என்று என் கையில் கொடுத்தான். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. “அப்பா” என்றேன். பானைக்குள் அது ஒரு குட்டையும் ஒரு நெட்டையுமாக இரண்டு உதை உதைத்திருக்க வேண்டும். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி சொன்னேன். மறுபடி பார்த்தார். நான் சொல்லாமல் சும்மா வாயை அசைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு, “இப்ப சொல்லல” என்றார்.

அந்தப் பள்ளிக்கூட அரையாண்டு முழுக்க சாயங்காலம் எனக்கு அதுதான் வேலை. ‘சோறு’, ‘மாமா’, ‘மழை’, ‘சாமியார் வாராரு’. டப்பாவில் இருந்து சூடான தூசி வாசனை வரும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். பார்த்துக்கொண்டிருந்த மாமா சொன்னார்: “இதுல என்ன அதிசயம்? மச்சானுக்கு இதும் கயிறுதான். கயித்துக்குப் பதிலாப் பானை.”

கை பழகியதும் அப்பா பானையோடு நிற்கவில்லை. மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குசினியில் அம்மா சட்டியை இறக்கியதைச் சொல்லுவார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, “வாசல்ல ஆளு” என்பார். அடுத்த வீட்டு அத்தை, “காது திரும்பிட்டு போலிருக்கே, மாதா புதும” என்று கோவிலில் சொல்லி வைத்தாள். அப்பாவுக்கு ஒரு சொட்டும் திரும்பவில்லை. காதுக்குப் பக்கத்தில் அண்ணன் தகரத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறான், கண் இமைக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு நல்ல சேதி வந்தது. காது கேளாதவர் என்று டாக்டர் சான்று கொடுத்தால், குளியாளாக இருந்தவருக்குச் சங்குக் கிடங்கில் காவல் வேலை கிடைக்கும். கரை வேலை. கடலுக்குப் போக வேண்டாம். அம்மா அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு தலைக்கு எண்ணெய் வைத்தாள். மருத்துவ முகாம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கப் போகிறது என்று அறிவித்திருந்தார்கள். “நாளைக்கு டாக்டரு என்ன செஞ்சாலும் கேக்கலன்னு சொல்லணும்” என்று அம்மா கையாலும் வாயாலும் பானையாலும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார். நன்றாகப் புரிந்துதான் ஆட்டினார்.

ஹாலில் மேலே மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. வெளியே ஜெனரேட்டர். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. டாக்டர் சின்ன வயசு. காலையிலிருந்து நின்று களைத்திருந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இடது கை மேசைமேல் விரிந்திருந்தது.

சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்று டாக்டர் செய்து காட்டினார். இசைக்கவையை மேசை விளிம்பில் தட்டினார். அப்பாவின் வலது விரல் எழுந்தது.

அம்மா என் தோளைப் பிடித்தாள்.

டாக்டர் பின்னால் போய் நின்று, மேசைமேல் இருந்த மணியைத் தட்டினார். விரல் எழுந்தது. மெதுவாகத் தட்டினார். எழுந்தது. தட்டுவது போல ஓங்கி, தட்டாமல் விட்டார். விரல் அசையவில்லை.

“பிரமாதமாக் கேக்குதே! யாரு இவரைச் செவிடுன்னு சொன்னது?”

அண்ணன் முன்னால் போனான். “சார், அவுக கை மேசையில இருக்கு சார். கையில தெரியும் அவுகளுக்கு.”

“கையில காதா இருக்கு?”

ஹால் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். கெட்டவர் இல்லை. ஏமாற்றிச் சான்று வாங்க வந்தவர்களை அன்று காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாரோ. ‘செவித்திறன் இயல்பு’ என்று எழுதி முத்திரை வைத்தார்.

வெளியே வந்ததும் அம்மா தெருவென்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டாள். “கேக்கலன்னு சொல்லத்தான கூட்டியாந்தோம்! எதுக்கு வெரலத் தூக்குனிய?”

அப்பா அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். முகத்தில் அதுவரை இருந்த சந்தோஷம் இறங்கியது. குளிப்பவர்களை ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் ஒரு டாக்டர் பார்ப்பார். அவர் முன்னால் காது வலியை மறைத்து, மூச்சை மறைத்து, தேறித் தேறியே ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர்.

“டாக்டரு முன்னால எப்படிளா தோக்கது?” என்றார். வழக்கமான உரத்த குரலில் இல்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலமே அண்ணன் மறு பரிசோதனை கேட்டு மனு எழுதினான். மேசை, கை, மணி, எல்லாம் எழுதினான். விதி தெரியாமலே விதியில் உள்ளதை அப்படியே எழுதியிருந்தான் என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது. பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தான், நவம்பர் கடைசி. பதில் வரவில்லை. ஒரு நினைவூட்டு அனுப்பினான். அதற்கும் வரவில்லை. கிடங்கு வேலை வேறு யாருக்கோ போயிற்று. சீசன் தொடங்கியது.

சம்மாட்டி வீட்டுக்கே வந்தார். “சர்க்காரு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு, காது நல்லாருக்குன்னு. பொறவு என்ன? நாளைக்கு வரச் சொல்லு.”

மாமா எழுந்து நின்றார். “நான் கயிறு புடிக்க மாட்டேன்.”

“நீ புடிக்காட்டா வேற ஆளு புடிப்பான்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். வேறு ஆள் கையில் அந்தக் கயிறு இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் இருவரும் போனார்கள். அப்பா போகும்போது பானையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

சீசன் பாதி வரை ஒன்றும் ஆகவில்லை. தண்ணீருக்கு அடியில் அப்பாவுக்குக் காதே தேவைப்படவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு நாள், வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம், அப்பா வள்ளத்துக்குச் சற்றுத் தள்ளி மேலே வந்தார். சங்குப்பை நிறைந்திருந்தது. அதை ஒரு கையால் தூக்கி மாமாவுக்குக் காட்டிச் சிரித்தார். அவருக்குப் பின்னால் ஒரு விசைப்படகு வந்துகொண்டிருந்தது. வள்ளத்தில் இருந்த எல்லாரும் கத்தினார்கள். மாமா கத்திக்கொண்டே கயிற்றை இழுத்தார். அடியில் இருக்கும்போது கயிறு விறைப்பாக இருக்கும், அசைத்தால் தெரியும். மேலே வந்த ஆளின் கயிறு தண்ணீரில் வளைந்து வளைந்து மிதக்கும். மாமா இழுத்த இழுப்பு அந்த வளைவுகளிலேயே போய்விட்டது. “ரெண்டு இழுப்பு இழுத்தேன்க்கா. ரெண்டு இழுத்தேன்” என்று அம்மாவின் காலடியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் எந்தக் கயிற்றையும் பிடிக்கவில்லை. உப்பளத்து வேலைக்குப் போனார்.

மாதா படத்து விளக்கை அணைக்க அம்மா விடவில்லை. அதனால் டப்பா ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு இல்லாமல், பேச்சு இல்லாமல், பானைக்குள் ஒரு மெல்லிய அதிர்வு மட்டும் எந்நேரமும் இருக்கும். காதை வைத்தால் கேட்காது. கையை வைத்தால் தெரியும். அண்ணன் அந்தப் பக்கமே போக மாட்டான்.

பிற்காலத்தில் நானும் அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, அப்படிப்பட்ட மனுக்களுக்குப் பதில் எழுதியவள்தான். முப்பது நாள் என்பது என்ன, அது எப்படிக் கரையும், எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. கடைசியில் வந்து சேர்ந்த அந்தப் பதிலைக் கூட நான் குறை சொல்ல மாட்டேன். மிகச் சரியான பதில். பார்வை எண் சரி, முகவரி சரி, கையெழுத்துக்குக் கீழே முத்திரை சரி.

தபால்காரர் கொண்டுவந்தபோது தெருவே கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அப்பா பெயர் போட்ட உறையை அண்ணன் பிரித்தான். மனதுக்குள் வாசித்தான்.

“சத்தமா வாசி” என்றாள் அம்மா. “மைக்குல வாசி.”

“எதுக்கும்மா?”

“அவுக கேட்டதுக்கு வந்த பதிலு. அவுகளுக்குத்தான வாசிக்கணும்.”

அண்ணன் மைக்கைத் துடைத்து எடுத்தான். அம்மா எழுந்துபோய்ப் பானையின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டாள், அப்பா வைக்கிற மாதிரி. நானும் ஒரு கையை வைத்தேன். ‘மனுதாரரின் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று வாசித்தான். மறு பரிசோதனைக்கு மனுதாரர் நேரில் வர வேண்டும். குறித்த நாளில் வரத் தவறினால், அவருக்கு இதில் அக்கறை இல்லை எனக் கருதி மனு முடித்துவைக்கப்படும். அரசாங்கத்தின் நீண்ட வாக்கியங்கள் பானைக்குள் ஒரே சீராக அதிர்ந்தன. அப்பாவாக இருந்தால் எந்த வார்த்தையையும் கண்டுபிடித்திருக்க மாட்டார்; நாங்கள் பழக்கியதெல்லாம் சோறு, மழை, மாமா, இவ்வளவுதான்.

கடைசி வரியில் அண்ணனின் குரல் உடைந்து ஓங்கியது. டப்பா தாங்கவில்லை. ஃபேன் நின்றது, மாதாவின் விளக்கு அணைந்தது, கைக்கு அடியில் பானை வெறும் பானையாயிற்று. யாரும் போய்ச் சுவிட்சை மறுபடி போடவில்லை. கோவில் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. அன்று மாதாவுக்குக் கொடி ஏற்றுகிற நாள், ஜூலை இருபத்தாறு.